கழுத்துவரை நிரம்பிய கேன்

திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படி ஏறும்போதே மூத்தவளுக்கு மனதில் ஏதோ இடித்தது.

கேன் கனத்தது. அதுதான் இடித்தது.

"என்னம்மா, இன்னைக்கு உள்ள தண்ணி வராதா? வீட்டுலேர்ந்தே கொண்டுவர்றீங்க?" என்று கேட்டார் வாசலில் இருந்த வாட்ச்மேன்.

மூத்தவள் சிரித்துவிட்டு நகர்ந்தாள். கேனில் இருந்தது குடிக்கிற தண்ணீர் இல்லை என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அவர் கேட்டதிலும் தப்பில்லை. அது அவ்வளவு தெளிவாக இருந்தது.

ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீர் அது. கொடுத்தவள் அவளுடைய ஓரகத்தி, கணவனின் தம்பி மனைவி. முப்பத்து மூன்று வாரக் கர்ப்பிணி. ஐந்து லிட்டர் கேன் கழுத்துவரை நிரம்பி, மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பதினாறு வருடமாக இந்த லேபில் நிற்கிற மூத்தவள் ஒன்றரை லிட்டர் பார்த்திருக்கிறாள், இரண்டரை லிட்டரும் பார்த்திருக்கிறாள். ஐந்து லிட்டர் பார்த்ததில்லை.

விஷயம் போன மாதமே தொடங்கிவிட்டது. இளையவளுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, வாரம் ஒரு தடவை வந்து காட்டச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் வெளிநோயாளி பிரிவில் நர்ஸ் ஒரு சின்னக் கப் கொடுப்பாள். இளையவள் கழிப்பறைக்குப் போய் வருவாள். நர்ஸ் கப்பில் ஒரு ஸ்ட்ரிப்பை முக்குவாள். சிறுநீரில் புரதம் இருந்தால் மஞ்சள் ஸ்ட்ரிப் பச்சையாகும். நாலு வாரமும் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. "வெறும் பிரஷர்தான், சிறுநீரகம் சரியா இருக்கு" என்றார் டாக்டரம்மா. வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

மூத்தவளுக்கு மட்டும் அந்த நிம்மதி வரவில்லை. இளையவள் செருப்பு வாரைக் கடைசி ஓட்டைக்குத் தள்ளிப் போட்டிருந்ததைப் பார்த்தாள். மோதிரம் கழற்ற முடியாமல் சோப்புப் போட்டு இழுத்ததைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாள் அவளுக்குப் பின்னாலேயே கழிப்பறைக்குள் போனபோது நுரையைப் பார்த்தாள். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிய பிறகும் சோப்பு நுரை மாதிரி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. புரதம் இறங்கினால்தான் அப்படி நுரைக்கும்.

ஸ்ட்ரிப் இல்லை என்கிறது. நுரை உண்டு என்கிறது. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார்.

சனிக்கிழமை டாக்டரம்மாவிடம் போய் நின்று, இருபத்து நாலு மணி நேரச் சோதனைக்கும் ரத்தச் சோதனைக்கும் எழுதி வாங்கினாள். இளையவள் மறுப்பாள் என்று நினைத்தாள். அவளோ, "சரிக்கா, எந்தக் கேன்?" என்று கேட்டுக் கையை நீட்டினாள்.

ஞாயிறு முழுக்க அந்த வீட்டில் கேன்தான் பேச்சு.

"குளிக்கிற இடத்துல இதை வச்சிருக்கீங்களே, எனக்குக் குமட்டுது" என்றார் மாமியார்.

"ஒரு நாள்தான் அத்தை. காலைல முதல்ல போனதை விட்டுடணும். அப்புறம் மறுநாள் காலை அதே நேரம் வரைக்கும் ஒரு சொட்டு விடாம இதுலதான் பிடிக்கணும்" என்றாள் மூத்தவள்.

"ஒரு சொட்டு விடாமலா? அப்போ தும்மல் வந்தா?"

"அத்தை!"

கொழுந்தன் ஒரு பேனாவை எடுத்துக் கேன் மேல் 'தொடாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதினான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அவன் இருக்கும் இடத்தில் சத்தத்துக்குக் குறைவிருக்காது. "அண்ணி, நம்ம வீட்டுல ஒரு மைக்ராஸ்கோப்பு, ஒரு லாக்டோமீட்டரு. நடுவுல நான் எங்கே போய்ப் பொய் சொல்றது?"

மைக்ராஸ்கோப் என்றால் மூத்தவள். லாக்டோமீட்டர் என்றால் இளையவள். அவள் பால் சேகரிப்பு மையத்தில் வேலை பார்க்கிறாள். கேன் கேனாக வரும் பாலில் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, எவன் எவ்வளவு தண்ணீர் கலந்தான் என்று சொல்வது அவள் வேலை. ஆறு வருடத்தில் அவளை ஏமாற்றியவர் ஒருவரும் இல்லை. இந்த மாதத்தோடு விடுப்பு. அவள் இடத்துக்கு ஆள் வரும்வரை போய்க்கொண்டிருந்தாள்.

அன்று கொழுந்தன் சொன்ன ஜோக்குக்கு எல்லோரும் சிரித்தார்கள். இளையவள் மட்டும் சிரிக்கவில்லை. அது மூத்தவளுக்கு இப்போதுதான், லேபில், அளவுக் குடுவையில் ஊற்றும்போதுதான் ஞாபகம் வந்தது.

ஐந்து லிட்டர். எழுதினாள். சின்னக் குழாயில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியைக் கொட்டினாள். அதுதான் லேபின் வழக்கம். மொத்த அளவைக் கையால் எழுதிவிட்டுக் கொட்டிவிட வேண்டும். மெஷின் ஒரு டெசிலிட்டரில், அதாவது நூறு மில்லியில், எவ்வளவு புரதம் என்று மட்டும் சொல்லும். அதை எழுதி வைத்த அளவால் பெருக்கினால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்பது வரும்.

மெஷின் அன்று மக்கர் செய்தது. முடிவு வர மதியம் இரண்டாகிவிட்டது.

புரதம் டெசிலிட்டருக்கு அறுபது மில்லிகிராம். பார்க்கச் சின்ன எண். ஆனால் ஐந்து லிட்டர் என்றால் ஐம்பது டெசிலிட்டர். அறுபதை ஐம்பதால் பெருக்கினால் மூவாயிரம் மில்லிகிராம். முந்நூறுக்கு மேல் போனாலே கர்ப்பிணிக்கு ஆபத்து மணி அடித்துவிடும். இது பத்து மடங்கு.

மூத்தவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

கூடவே கிரியேட்டினினும் போட்டிருந்தாள். தசையிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் கழிகிற பொருள் அது. இளையவள் எடைக்கு ஒரு நாளைக்கு ஒரு கிராம் வர வேண்டும். கணக்குப் போட்டாள். சரியாக ஒரு கிராம் வந்தது. ஆக, சேர்த்ததில் குறை இல்லை. ஒரு சொட்டு விடாமல் பிடித்திருக்கிறாள். ஆனால் டெசிலிட்டருக்கு வெறும் இருபதுதான். இவ்வளவு நீர்த்துப்போக அவள் குடம் குடமாகக் குடித்திருக்க வேண்டும். ஞாயிறு முழுக்க மூத்தவள் வீட்டில்தான் இருந்தாள். இளையவள் குடித்தது இரண்டு சொம்பு. அவ்வளவுதான்.

சனிக்கிழமை எடுத்த ரத்தச் சோதனைத் தாளை எடுத்துப் பார்த்தாள். ரத்தத்தில் கிரியேட்டினின் ஒன்று புள்ளி ஒன்று. அளவு மீறினால் மெஷின் போடுகிற நட்சத்திரக் குறி பக்கத்தில் இல்லை. மெஷினுக்கு எல்லாப் பெண்களும் ஒன்றுதான். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்குச் சிறுநீரகம் கூடுதலாக வேலை செய்யும், அந்த எண் இறங்கியே இருக்க வேண்டும். இவளுக்கு மூன்றாம் மாதத்தில் புள்ளி ஆறு. இப்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. குறி இல்லாததால் யார் கண்ணிலும் படவில்லை.

இளையவளுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டரில் இருந்தார். வெளியே வந்ததும் பார்க்கும்படி ஒரு சீட்டை எழுதி நர்ஸிடம் கொடுத்துவிட்டு, ஆட்டோ பிடித்தாள்.

பால் மையத்தில் சாயந்திரப் பால் வரத் தொடங்கியிருந்தது. வாசலில் நாலைந்து வண்டிகள். உள்ளே இளையவள் ஸ்டூலில் உட்கார்ந்து, வயிற்றுக்கு மேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு பால்காரர், நாலு கேன்களோடு, முகம் சிவந்து நின்றார்.

"இருபத்து நாலு. தண்ணி கலந்திருக்கு. திருப்பி எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றாள் இளையவள்.

"எம்மா, பதினஞ்சு வருஷமா ஊத்துறேன். ஒரு நாள் ஒரு சொல் வாங்கினதில்ல. நல்லாப் பாரும்மா!"

"நல்லாத்தான் பாத்தேன். இதுல கொஞ்சம் பாலும் கலந்திருக்கு, அதையும் சொல்லிடட்டுமா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பால்காரர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்ற மூத்தவளைப் பார்த்து, "நீங்களே பாருங்கம்மா, படிச்சவங்க மாதிரி இருக்கீங்க" என்றார்.

மூத்தவள் குனிந்து லாக்டோமீட்டரைப் பார்த்தாள். பால் விளிம்பு தொட்ட கோட்டில் இருபத்தெட்டு. கொஞ்சமும் குழப்பமில்லாத இருபத்தெட்டு. நல்ல பால்.

நிமிர்ந்து இளையவளைப் பார்த்தாள். அவள் கண்ணை இடுக்கி, தலையைச் சாய்த்து, ஏதோ ஈயை விலக்குவதுபோல் கையை முகத்துக்கு முன்னால் ஆட்டினாள். ஈ எதுவும் இல்லை.

"இப்படி வா."

"அக்கா, வேலை நேரம்…"

"வான்னு சொல்றேன்."

பின்பக்கம், கழுவிக் கவிழ்த்த கேன்களுக்கு நடுவே நிறுத்தினாள்.

"எவ்வளவு தண்ணி ஊத்தின?"

"எதுல?"

"என்கிட்டேயேவா? நாள் பூரா தண்ணி கலக்குறவங்களைப் பிடிக்கிறவ நீ. உன்னைப் பிடிக்கிறதுக்கு நான் இருக்கேன்."

இளையவள் ஒரு கேனின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முதலில் இல்லை என்றாள். அப்புறம், தாகமாக இருந்தது, நிறையக் குடித்தேன் என்றாள். பிறகு உடைந்தாள்.

"கப்லயும் ஊத்தினேன். நாலு வாரமும். குழாயைத் திறந்து முக்கால்வாசி தண்ணி, மேல கொஞ்சம் அது. போதுமா?"

"எதுக்குடி?"

"எதுக்கா? போன தடவை இருபத்தெட்டாவது வாரம், அந்த ஸ்ட்ரிப்பு பச்சையாச்சு. ரெண்டு பிளஸ்னு சொன்னாங்க. அன்னைக்கு மத்தியானமே அறுத்து எடுத்துட்டாங்க. பதினோரு நாள் கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்துட்டு, பன்னெண்டாம் நாள் காலைல துணியில சுத்திக் கையில குடுத்தாங்க. நீங்களும்தானே கூட நின்னீங்க?"

நின்றாள். மூத்தவள்தான் அந்தத் துணிப் பொட்டலத்தை வாங்கினாள்.

"அந்த ஸ்ட்ரிப்பு மட்டும் பச்சையாகலன்னா அவன் இருந்திருப்பான். இன்னும் நாலு வாரம்தான் வேணும்க்கா. நாலே வாரம். பிள்ளை முழுசா வரட்டும். அப்புறம் என்னை என்ன வேணா பண்ணட்டும்."

"தண்ணி ஊத்தினா உள்ள இருக்கிறது போயிடுமா?" மூத்தவள் குரல் உயர்ந்தது. உடனே தாழ்த்திக்கொண்டாள். "நீயே சொல்லு. ஒரு லிட்டர் பால்ல நாலு லிட்டர் தண்ணியை ஊத்துறான். லாக்டோமீட்டர் இறங்கிடும். சரி. அந்த அஞ்சு லிட்டரையும் கடைஞ்சா வெண்ணெய் எவ்வளவு வரும்?"

"ஒரு லிட்டர்ல வர்ற வெண்ணெய்தான்." பழக்கத்தில் பட்டென்று வந்த பதில். சொல்லி முடித்த பிறகுதான் இளையவளுக்கு உறைத்தது.

"கேன்ல நாங்க ருசி பாக்குறதில்ல. மொத்தத்தையும் கடையிறோம். டெசிலிட்டருக்கு அறுபதுதான், ஆனா மொத்தம் மூணு கிராம் இறங்கியிருக்கு. நீ ஊத்தின தண்ணியில ஒரு துளி புரதம்கூட ஒளியல."

இளையவள் சற்று நேரம் கணக்குப் போட்டாள். பால் மையத்து மூளை.

"மொத்த அளவை யார் எழுதுறது?"

மூத்தவளின் கை தோளில் தொங்கிய கைப்பைக்குப் போனது.

"நீங்கதானே? கேனைக் கொட்டியாச்சுதானே? அரை லிட்டர்னு எழுதுங்கக்கா. அறுபது அஞ்சு, முந்நூறு. முந்நூறு வரைக்கும் விடுவாங்கதானே? உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

மூத்தவளின் கைப்பையில் அந்தத் தாள் இருந்தது. அளவுக்கான கட்டத்தில் அவள் கையெழுத்தில் ஐந்து என்று இருந்தது. திருத்தி எழுத ஒரு நிமிடம் போதும். யாருக்கும் தெரியாது என்பதும் உண்மை. துணியில் சுற்றிய அந்தப் பொட்டலத்தின் கனம் அவள் கைக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. அந்த ஐந்து லிட்டர் கேனைவிட அது எவ்வளவோ லேசு. ஒரு கணம், ஒரே ஒரு கணம், நாலு வாரம் என்பது அவளுக்கும் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

"எழுதலன்னா, இனிமே உங்களை அக்கான்னு கூப்பிட மாட்டேன்" என்றாள் இளையவள். மிரட்டவில்லை. கெஞ்சினாள்.

"கூப்பிடாத. அவர் பால் இருபத்தெட்டு."

"என்ன?"

"வெளியில நிக்கிறாரே, அவர் பால். இருபத்தெட்டு. நீ இருபத்து நாலுன்னு படிச்ச. எத்தனை நாளா கண்ணு இப்படி?"

இளையவள் கண்ணைக் கசக்கினாள். "நேத்து ராத்திரியிலேர்ந்து. ஜிகுஜிகுன்னு பூச்சி பறக்குது. தலையும் விண்ணுவிண்ணுன்னு…" பிறகு வேறொரு குரலில் கேட்டாள். "நிஜமாவே இருபத்தெட்டா?"

ஆறு வருடத்தில் அவள் தப்பாகச் சொன்ன முதல் எண் அது. ஒரு நல்ல மனிதரை ஊர் சிரிக்க வைத்துவிட்டாள். மூத்தவள் சொன்ன மூன்று கிராமைவிட அதுதான் அவளைப் பயமுறுத்தியது. மெல்ல உட்காரப் போனாள்.

"உக்காராத. கிளம்பு. இது மூளை வரைக்கும் ஏறிடுச்சு. வலிப்பு வந்தா நீயும் இல்ல, உள்ள இருக்கிறதும் இல்ல. நாலு வாரம் இல்ல, நாலு மணி நேரம்கூட நம்ம கையில இல்ல."

வெளியே ஆட்டோ இல்லை. அந்தப் பால்காரரின் சின்ன வேன்தான் கிளம்பத் தயாராக நின்றது. விவரம் கேட்டதும் அவர் திருப்பி ஏற்றியிருந்த கேன்களை அப்படியே தரையில் இறக்கி வைத்தார்.

"ஏறும்மா. பால் எங்கேயும் போயிடாது."

"அண்ணே, நான் உங்களை…"

"அதெல்லாம் அப்புறம் சண்டை போட்டுக்கலாம். முதல்ல ஏறு."

ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தபோது நூற்றெழுபத்தாறுக்கு நூற்றுப் பதினாலு. டாக்டரம்மா தாளை வாங்கிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"மூணு கிராமா? நாலு வாரமும் கப் சுத்தமா இருந்ததே? இது எப்படி ஒரே வாரத்துல? உங்க கணக்கு சரியா?" என்று மூத்தவளைக் கேட்டார்.

மூத்தவள் வாயெடுப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அக்கா கணக்கு சரி, டாக்டர். நான்தான் தண்ணி ஊத்தினேன். எல்லாத்துலயும்."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்ட நேரமில்லை. வலிப்பு வராமல் இருக்க ஒரு ஊசி, பிரஷர் இறங்க ஒரு ஊசி, பிள்ளையின் நுரையீரல் பலப்பட ஒரு ஊசி. "இருபத்தெட்டு வாரம் வேற, முப்பத்து மூணு வேற. முடிஞ்சா ஒரு நாள் தள்ளுவோம், ஊசி வேலை செய்ய. முடியலன்னா உங்களைத்தான் முதல்ல பாப்பேன்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்.

கொழுந்தன் வந்து சேர்ந்தான். பெண்டாட்டியின் வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் செவ்வாய், மதியம். கட்டில் ஓரத்தில் குழாய் வழியாகச் சிறுநீர் இறங்கும் பை தொங்கியது. மணிக்கு ஒரு தடவை அளந்து எழுத வேண்டும். இளையவளுக்குக் கண் இன்னும் தெளியவில்லை.

"அக்கா, எவ்வளவு?"

அக்கா என்றுதான் கூப்பிட்டாள். மூத்தவள் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. குனிந்து பையின் கோட்டைப் படித்தாள்.

"பதினஞ்சு மில்லி."

"குறைச்சலா?"

"குறைச்சல்தான். முப்பதாவது வரணும். சிறுநீரகம் திணறுது."

"கொஞ்சம் தண்ணி ஊத்தி நிரப்பிடட்டுமா?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. மூத்தவளுக்கு அது பாதியிலேயே அழுகையாக மாறியது. நர்ஸ் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எண்ணைப் பார்த்ததும் டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினாள். இருபது நிமிடத்தில் ஸ்ட்ரெச்சர் வந்தது.

தியேட்டர் கதவுக்கு முன்னால் இளையவள் மூத்தவளின் விரலைப் பிடித்து நிறுத்தினாள். "நோட்டுல இருபத்து நாலுன்னு எழுதிட்டேன். அந்த அண்ணன் பேருக்கு நேரே. மாத்தச் சொல்லிடுங்க. இருபத்தெட்டு."

"சொல்லிட்டேன். நேத்தே."

பெண் குழந்தை. ஒரு கிலோ அறுநூற்றைம்பது. அழுதது. இரண்டு அறை தள்ளி நின்றிருந்த மாமியாருக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் கண்ணாடிப் பெட்டிக்குத்தான் போனது.

இளையவள் பார்க்கப் போகவில்லை. பிரஷர் இறங்கிய பிறகும், கண் தெளிந்த பிறகும், எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகும் போகவில்லை. பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவாள். "எப்படி இருக்கா?" என்று கேட்பாள். அவ்வளவுதான். மாமியார் திட்டினார், கொழுந்தன் கெஞ்சினான். மூத்தவள் கட்டாயப்படுத்தவில்லை. அவளும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை. நர்ஸ் ஒரு கப்பைக் கொடுத்தாள். இளையவள் கழிப்பறைக்குப் போனாள். கதவுக்கு வெளியே மூத்தவள் நின்றாள். குழாய்ச் சத்தம் கேட்கிறதா என்று அவளை அறியாமலே காது கொடுத்தாள். கேட்கவில்லை.

இளையவள் வெளியே வந்து கப்பை நீட்டினாள். கால் கப் கூட இல்லை. அடர் மஞ்சள். இன்னும் சூடாக இருந்தது.

மூத்தவள் ஸ்ட்ரிப்பை முக்கி எடுத்தாள். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். மஞ்சள் மெல்ல மங்கி, லேசாகப் பச்சை தட்டியது.

"ஒரு பிளஸ்" என்றாள் மூத்தவள். "இன்னும் நிக்கல. ஆறு வாரம் கழிச்சுப் பாக்கணும், அப்புறம் மூணாம் மாசம் பாக்கணும். அப்பவும் நிக்கலன்னா சிறுநீரக டாக்டர்கிட்ட போகணும்."

"சரி. உள்ளதை எழுதுங்க."

எழுதினாள். இளையவள் சுவரைப் பிடித்தபடி நாலடி நடந்தாள். நின்று திரும்பினாள்.

"அவ இருக்கிறது எந்த ரூம்க்கா? வலது பக்கமா, இடது பக்கமா?"